பதினொன்றாம் நாள் காய்ச்சல்

ஜூன் 5

காலையில் சிலிண்டர் வந்தது. காலி சிலிண்டரை வாசல் வரை உருட்டியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆபீஸ் போனதும் சுகாதாரத் துணை இயக்குநர் டாக்டர் ஞானதுரை கூப்பிட்டார். வடக்கே இரண்டு மாவட்டங்களில் மூன்று வாரமாகப் பரவிவரும் மூச்சுக்காய்ச்சல் நம் மாவட்டத்துக்கும் வந்துவிட்டதாம். 3ஆம் தேதி அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்திருக்கிறது. ஜன்னல் அடைத்த ஏசி ஹால், காலை பத்து மணி முதல் மாலை நாலரை வரை. வடக்கேயிருந்து பயிற்சி கொடுக்க வந்தவர் நாள் முழுக்க இருமிக்கொண்டே பேசியிருக்கிறார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் ஐம்பத்தெட்டுப் பெண்கள். ஐம்பத்தெட்டுப் பேரும் ஐம்பத்தெட்டு ஊர்.

பட்டியலில் நாற்பத்து நான்காவது பெயர் பேச்சியம்மாள். என் தங்கை.

ஆபீஸ் வராந்தாவில் நின்று போன் செய்தேன். "எனக்கு ஒண்ணுமில்லக்கா. அங்க குடுத்த வடைதான் ஊசிப்போச்சு" என்று சிரித்தாள். பின்னால் பிள்ளை அழும் சத்தம். அவனுக்கு ஏழு மாதம். அம்மா போனபோது பேச்சிக்கு ஒன்பது வயது. தலை வாரி, சோறு ஊட்டி, கல்யாணம் வரை கொண்டுவந்தவள் நான்.

ஜூன் 6

ஏழு பேருக்குக் காய்ச்சல். அவர்கள் ஆஸ்பத்திரியில். மீதி ஐம்பத்தொரு பேரையும் வேனில் அழைத்துவந்து, கட்டி முடித்துத் திறக்காமல் கிடந்த நர்சிங் மாணவிகள் விடுதியில் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஓர் அறை. சாப்பாடு கதவுக்கு வெளியே ஸ்டூலில். ஆளுக்கொரு தெர்மாமீட்டரும் ஒரு தாளும் கொடுத்திருக்கிறது. காலையும் மாலையும் அவர்களே பார்த்து எழுதவேண்டும்.

பேச்சி பிள்ளையைப் புருஷன் கையில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மாடி ஜன்னலில் நின்று கையசைத்தாள். எல்லாரும் கையசைத்தார்கள். நானும் பொதுவாகக் கையசைத்தேன்.

ஜூன் 7

என் வேலை இந்த நோயின் அடைகாலத்தைக் கணக்கிடுவது. கிருமி உள்ளே புகுந்த நாளுக்கும் காய்ச்சல் தலைகாட்டும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று சொல்லவேண்டும். அதைத் தெரிந்துகொண்டால்தான் ஒருவரை எத்தனை நாள் தனியே வைக்கலாம் என்று உத்தரவு போடமுடியும். சாதாரணமாக இது குருட்டுக் கணக்கு. எங்கே தொற்றியது என்று கேட்டால் சந்தை என்பார்கள், பஸ் என்பார்கள், துஷ்டி கேட்கப் போன சாவு வீடு என்பார்கள். நாள் நிற்காது. இங்கே ஐம்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே நாள், ஒரே ஹால். வடக்கே இருப்பவர்களிடம்கூட இப்படி ஓர் அட்டவணை இல்லையாம்.

ஐம்பத்தெட்டு வரிசை போட்டேன். பெயர், ஊர், காய்ச்சல் வந்த தேதி, எத்தனையாம் நாள். கட்டங்கள் நிரம்ப நிரம்ப ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை எழுதவே கூசுகிறது.

ஜூன் 8

பயிற்சி கொடுத்தவர் இறந்துவிட்டார். வயது நாற்பத்தாறு.

ஜூன் 9

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரித் தண்ணீர் ஆறு குடம்.

ஆஸ்பத்திரியில் இதுவரை பதினாறு பேர். இரண்டு பேருக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறது. விடுதியில் பெண்கள் சாப்பாட்டை எடுக்காமல் விடுகிறார்களாம். "பிள்ளைகள யாரு பாக்க, மாட்ட யாரு பாக்க"ன்னு ஒரே அழுகை மேடம் என்றார் சாலமோன். அவர்தான் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சுகாதார ஆய்வாளர். கதவைத் திறந்து யாரும் வெளியே வருகிறார்களா என்று கேட்டேன். இல்லை, அந்த விஷயத்தில் எல்லாரும் கண்டிப்பாக இருக்கிறார்கள் என்றார்.

பேச்சி சாயங்காலம் பேசினாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறதாம். பிள்ளை பவுடர் பாலைத் துப்புகிறானாம்.

ஜூன் 10

பத்தொன்பது பேர். இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் ஐந்து, நான்காம் நாள் ஐந்து, ஐந்தாம் நாள் நான்கு, ஆறாம் நாள் மூன்று. சராசரி நான்கு நாள் சொச்சம். வளைகோடு போட்டுப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு ஏழு நாளுக்குள் வந்துவிடும்.

இதில் ஒரு குறை உண்டு. இன்று ஏழாம் நாள்தான். பத்து நாள் கழித்து வரவேண்டிய காய்ச்சல் இன்றைய அட்டவணையில் எப்படி இருக்கும்? பந்தியில் முதலில் கை கழுவ எழுந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, சாப்பிட இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று சொல்வது போன்றது இது. இன்னும் இலை முன்னால் முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். இதை அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பாக எழுதியிருந்தேன்.

மேலிடத்தில் ஒரே ஓர் எண்தான் கேட்கிறார்கள் என்றார் டாக்டர் ஞானதுரை. அடிக்குறிப்பு நீக்கப்பட்டது. எட்டு நாள் முடிந்ததும் விடலாம் என்று முடிவானது.

ஜூன் 11

முப்பத்தொன்பது பேரையும் வேன்களில் ஏற்றி அவரவர் ஊரில் இறக்கியாயிற்று. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை.

பேச்சி பிள்ளையை மடியில் வைத்துப் படம் அனுப்பியிருந்தாள். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 14

சனிக்கிழமை. துணி ஊறவைத்திருந்தேன். எட்டு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. விடுதியிலிருந்து போனவர்களுக்கு அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்.

"அம்மா, நான் ஆலடிக்குறிச்சி செல்லத்தாய் பேசுதேன். அங்கன்வாடி. காலைல ஆறு மணில இருந்து காய்ச்சல் அடிக்கி. நூத்தியொண்ணு புள்ளி நாலு. காய்ச்சல் வந்தா ஒடனே சொல்லணும்னு சொன்னீங்கள்லா, அதான்."

முப்பத்தொன்றாவது வரிசை. கையில் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றாம் நாள்.

"வீட்டுக்குப் போனபிறகு எங்கேயாவது போனீங்களா?"

"எங்கயும் போகலம்மா. வேன்ல எறங்குனேன், வீட்டுக்குள்ள வந்தேன். சென்டர்கூட இன்னும் தொறக்கல."

"யாராவது வந்தாங்களா?"

"வீட்ல எங்க வீட்டுக்காரவியளும் அத்தையும்தான். அவிய ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல." பிறகு கேட்டாள்: "அம்மா, எட்டு நாள் ஆனா வராதுன்னுதான சொன்னீங்க?"

ஆம்புலன்ஸ் வரும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 15

ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ். டாக்டர் ஞானதுரை அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். "பதினொரு நாள்ங்கிறது மத்ததோட ஒட்டலையே. ஒண்ணு, ஊருக்குப் போய் வேற யார்கிட்டயோ வாங்கியிருக்கணும். இல்ல, ஹாஸ்டல்லயே காய்ச்சல் இருந்து மறைச்சிருக்கணும். தாள்ல அவங்களே எழுதினதுதானே? வீட்டுக்குப் போகணும்னா யாரும் தொண்ணூத்தெட்டுன்னு எழுதுவாங்க. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இருக்கலாம் சார் என்றேன்.

கணக்கில் அந்த வரிசை சேர்க்கப்படவில்லை. கடைசிக் கட்டத்தில் "தகவல் நம்பகமற்றது" என்று குறிக்கப்பட்டது. சாலமோனை ஊருக்கு அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருக்கிறது.

ஜூன் 17

ஊறவைத்த துணி நாற்றமெடுத்துவிட்டது. மறுபடி அலசினேன்.

ஜூன் 19

காய்ச்சலில் விழுந்த நான்கு பேரை இன்று ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு பேரும் 11ஆம் தேதி விடுதியிலிருந்து போனவர்கள். மறுபடி அறைக்குள் பூட்டிவிடுவார்கள் என்று பயந்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஒன்பதாம் நாள், ஒருவருக்குப் பத்தாம் நாள், மற்ற இருவருக்கும் பன்னிரண்டும் பதின்மூன்றும். அவர்கள் மறைத்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. காய்ச்சல் அடித்த அன்றே போன் செய்தவள் ஒருத்திதான். அவளைத்தான் நம்பவில்லை.

விடுதித் தாள்களை எடுத்து, செல்லத்தாயின் தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் காலை ஆறு, மாலை ஆறு. 97.8, 98.1, 97.9. ஒரு வேளையில் தெர்மாமீட்டர் கீழே விழுந்துவிட்டதாகவும் வேறு வாங்கிப் பார்த்ததாகவும் ஓரத்தில் எழுதியிருந்தாள். பொய் எழுதுகிறவள் இதையெல்லாம் எழுதமாட்டாள்.

ஐந்து பேரையும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டேன். குறைந்தது பதினான்கு நாள் வைத்திருக்கவேண்டும்.

ஜூன் 20

ஒரு நாள் கூட்டிப் பதினைந்து நாள் என்று புது உத்தரவு. டாக்டர் ஞானதுரை கையெழுத்துப் போட்டார். புது உத்தரவு பழைய உத்தரவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் செய்தி வந்தது. செல்லத்தாயின் புருஷன் சங்கரபாண்டிக்கும் மாமியாருக்கும் காய்ச்சல்.

ஜூன் 22

பேச்சி போன் செய்தாள். இன்று பத்தொன்பதாம் நாள், அவளுக்கு ஒன்றுமில்லை. இனி வராது.

"என்கூட இருந்த அஞ்சு பேருக்கு வந்திருக்காமேக்கா. சாமி காப்பாத்திச்சு. நான் ஒனக்கு போன் பண்ணி அழுத மறுநாளே விட்டாவள்லா. நீ இல்லன்னா புள்ள என்ன ஆயிருப்பான்?"

"அதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது கணக்கு" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "சரிக்கா, கோவப்படாத" என்றாள்.

ஜூன் 27

ஆலடிக்குறிச்சி மாமியார் இறந்தாள். அறுபத்தெட்டு வயது. விடுதியிலிருந்து போய்க் காய்ச்சல் வந்த அந்த ஐந்து பேரின் வீடுகளிலிருந்து இதுவரை பதினொரு பேருக்குக் காய்ச்சல்.

ஜூலை 1

சங்கரபாண்டி இறந்தார். வயது நாற்பத்து மூன்று. செல்லத்தாய் பிழைத்துக்கொண்டாள். நேற்றுத்தான் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஜூலை 4

சாலமோன் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வழக்கமாக நின்றுகொண்டு பேசுகிறவர்.

"மேடம், ஆலடிக்குறிச்சில அந்தம்மாவ யாரும் அண்ட விடமாட்டேங்காங்க. ஆஸ்பத்திரிக்குப் பயந்து காய்ச்சல மறைச்சு வீட்டுக்கு வந்து ரெண்டு உயிர வாங்கிட்டான்னு பேச்சு. கொழுந்தனார் வீட்டுப் பக்கம் வரக்கூடாதுன்னுட்டாரு. காரியத்துக்குக்கூட உக்கார விடல. சென்டருக்கு இனி பிள்ளைகள அனுப்பமாட்டோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"மறைச்சான்னு யார் சொன்னது?"

அவர் தரையைப் பார்த்தார். "நாந்தான் மேடம். விசாரிக்கச் சொல்லி அனுப்புனீங்கள்லா, அன்னைக்கு. அந்தம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. வீட்டு வாசல்ல வச்சு, 'இவங்களுக்கு ஹாஸ்டல்லயே காய்ச்சல் இருந்துச்சா, ஆபீஸ்ல அப்படித்தான் நினைக்காங்க'ன்னு புருஷன்கிட்ட கேட்டேன். தெருவுல நாலு பேரு நின்னாங்க."

அவருக்கு டீ வரவழைத்தேன். இருவரும் குடிக்கவில்லை.

ஜூலை 6

ஜூன் 10ஆம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். "அடிக்குறிப்பு நீக்கப்பட்டது." யார் நீக்கியது என்று அதில் இல்லை. இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. இதிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். அன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பேச்சி போன் செய்தாள். 9ஆம் தேதி பேசியதை எழுதினேன், இதை எழுதவில்லை. மார்பு கல்லாகிவிட்டது, காய்ச்சல் மாதிரி இருக்கிறது, தெர்மாமீட்டரில் தொண்ணூற்றொன்பதரை காட்டுகிறது, இதை எழுதினால் விடமாட்டார்களே, என்ன செய்ய என்று கேட்டாள். பால்கட்டினால் உடம்பு சுடும், அது வேறு, எழுதவேண்டாம் என்று சொன்னேன். விடுதியில் மறைத்தவள் ஒருத்தி உண்டு என்றால் அது என் தங்கை. மறைக்கச் சொன்னவள் நான். அது பால்கட்டாகப் போனது என் அதிர்ஷ்டம்.

மூன்று மணிக்கு டாக்டர் ஞானதுரை அறிக்கையைப் படித்தார். ஒரே எண்தான் கேட்கிறார்கள் என்றார், அது உண்மை. ஆனால் அடுத்து அவர் சொன்னது: "உங்களுக்குச் சந்தேகம் இருந்தா குறிப்பு இருக்கட்டும். இன்னும் ஒரு வாரம் வச்சிருந்துட்டு விடுவோம். அழுதா அழட்டும்." பிறகு கேட்டார்: "உங்க ஆளுக யாரும் உள்ள இல்லையே?"

இல்லை சார் என்றேன். வெளியே வந்து குறிப்பை அழித்து மறுபடி பிரிண்ட் எடுத்தேன். அழித்தது என் விரல்.

ஜூன் 15ஆம் தேதியும் அவர் என்னைக் கேட்டார். பதினொன்றாம் நாள் காய்ச்சல் வரும் என்று தெரிந்தவள் அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான். அதை ஒப்புக்கொண்டால் எட்டு நாள் தப்பு என்று ஆகிவிடும். கணக்கு ஏன் தப்பியது என்று கேள்வி வரும். இருக்கலாம் சார் என்றேன்.

ஜூலை 7

எல்லாவற்றையும் எழுதி டாக்டர் ஞானதுரையிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை ஏன் இப்ப குடுக்கிறீங்க? கேட்டா ஆரம்பத்துல தகவல் போதலன்னு நான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கலையே."

"ஆலடிக்குறிச்சில ஒருத்தி இருக்கா சார்."

"விசாரணை வரும். வேலை போனாலும் போகும்" என்றார். பிறகு, செல்லத்தாய் எதையும் மறைக்கவில்லை, முதல் நாளே தகவல் சொன்னாள், நாள் கணக்கில் தவறியது அலுவலகம்தான் என்று ஒரு கடிதம் அடித்துக் கொண்டுவரச் சொன்னார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 9

சாலமோனோடு ஜீப்பில் ஆலடிக்குறிச்சி போனேன். முதலில் கொழுந்தனார் வீடு. பெயர் மாடசாமி. மொட்டை போட்டிருந்தார், வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். தெருவில் ஆட்கள் கூடினார்கள். நல்லதுதான் என்று இன்னும் சத்தமாக வாசித்தேன்.

"அப்ப எட்டு நாளுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் மாடசாமி.

"நான்தான். தெரியாமல் இல்லை. என் தங்கையும் அந்த விடுதியில் இருந்தாள். அவள் வெளியே வரவேண்டும் என்று இருந்தது."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்க தங்கச்சி நல்லாருக்காளா?"

"இருக்கா."

"சரி" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்லத்தாயின் வீடு தெருக்கோடியில். அவளை நான் கடைசியாகப் பார்த்தது விடுதி மாடியில் கையசைத்தவர்களுள் ஒருத்தியாக. இப்போது பாதியாக இருந்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கியது. எங்களுக்குப் பாய் விரித்தாள். நான் உட்காரவில்லை. அங்கே சொன்னதையே இங்கேயும் சொன்னேன், பேச்சிக்குச் சொன்ன யோசனையையும் சேர்த்து. கடிதத்தை நீட்டினேன்.

அவள் வாங்கி, தானே படித்தாள். இரண்டுதரம் படித்தாள்.

"நான்தான் கொண்டாந்து குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "ஊரு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துட்டு. அங்கனயே லேசாக் காய்ச்சல் இருந்து நமக்குத்தான் தெரியலையோன்னு. ராத்திரியெல்லாம் அந்த எட்டு நாளையும் ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே கெடப்பேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

"அது இப்பத் தெரியுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவியள ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து, நான் கெடந்த வார்டு வழியாத்தான் உள்ள தள்ளிக்கிட்டுப் போனாவ. என் கட்டில் கிட்ட நிறுத்தச் சொன்னாவ. 'ஏளா, ஒனக்கு அங்கனயே காய்ச்சல் இருந்துச்சா? இருந்தாச் சொல்லிரு, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்'ன்னாவ. இல்லங்கன்னேன். சரின்னாவ. அதுக்குமேல பேச்சில்ல, தள்ளிக்கிட்டுப் போயிட்டாவ."

சாலமோன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"நம்புனாவளா, எனக்காவச் சரின்னாவளான்னு தெரியல. இந்தக் காயிதம் பத்து நாளைக்கு முன்ன வந்திருந்தா வாசிச்சுக் காட்டியிருப்பேன்." கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள். "எனக்கு இது எதுக்கும்மா? எனக்குத்தான் தெரிஞ்சிட்டே. தெரியாதவிய யாருக்காச்சும் குடுங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் பாயைச் சுருட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஜூலை 15

என்னைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி உத்தரவு வந்தது. விசாரணை அடுத்த மாதம். பேச்சியிடம் எல்லாம் சொன்னேன். "எனக்காவ ஏன்க்கா அப்படிச் செஞ்சே" என்று அழுதாள். பிறகு, செல்லத்தாய் எதிர் அறையில்தான் இருந்தாள் என்றும், கதவு இடுக்கு வழியாகப் பேசிக்கொள்வார்கள் என்றும், பால் கட்டியதற்கு முட்டைக்கோஸ் இலை வைக்கச் சொன்னவள் அவள்தான் என்றும் சொன்னாள். எனக்கு அது தெரியாது.

கடிதத்தைச் சாலமோன் ஆலடிக்குறிச்சி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். ஆட்கள் நின்று படித்தார்களாம். மாடசாமி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். பூட்டியிருந்தது. முந்தின நாளே செல்லத்தாய் ஒரு துணிப்பையோடு பஸ் ஏறிவிட்டாளாம். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை.